கடைசியாய்ச் சேர்ந்து சாப்பிட்ட இடம்

மே 28

மாப்பிள்ளைக்கு,

மொழி தெரியாத ஊரில் என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போனீர்கள். பிறகு தேடியபோதும், நான் இருந்த இடத்துக்கு வராமல், நான் எந்தக் காலத்திலும் வந்திருக்க முடியாத இடத்தில் உட்கார்ந்து காத்திருந்தீர்கள். நடந்த தவறு இதுதான். இதை எழுதிய பிறகுதான் நலம் கேட்க மனம் வருகிறது. நீங்களும் என் மகளும் பேத்தி வாலுவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஊர் திரும்பியதிலிருந்து நான் போனை எடுப்பதில்லை. போனில் பேசினால் ‘விடுங்க மாமா’ என்று சிரிப்பீர்கள், நானும் விட்டுவிடுவேன். காகிதத்தில் சிரிக்க முடியாது. அதனால் எழுதிக் கேட்கிறேன். எழுதியே பதில் சொல்லுங்கள்.

லீவுக்குக் குடும்பத்தோடு வெளிநாடு சுற்றிப் பார்க்கத்தான் என்னையும் கூட்டிப் போனீர்கள். அந்த நாலாம் நாள் காலை டிராம் நிலையத்துக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் நால்வரும் சாப்பிட்டோம். மதியம் என்னைப் பழைய இயந்திரக் காட்சியகத்தில் விட்டீர்கள். ‘எல்லாம் உங்களுக்குப் பிடிச்ச மோட்டாரா இருக்கும் மாமா, நிதானமா பாருங்க, சாயந்திரத்துக்குள்ள வந்துடறோம்’ என்றீர்கள். என் பாஸ்போர்ட் உங்கள் பையில். என் போன் அந்த ஊரில் வேலை செய்யாது. அன்றைக்கென்று காட்சியகத்தைச் சீக்கிரம் மூடிவிட்டார்கள். காவலாளி என்னை வாசலில் விட்டுக் கதவைப் பூட்டினான். வெளியே மழை.

நின்று பார்த்தேன். நீங்கள் வரவில்லை. நம் வீட்டில் ஒரு விதி உண்டு. கூட்டத்தில் யார் தொலைந்தாலும், கடைசியாக எல்லோரும் சேர்ந்து சாப்பிட்ட இடத்துக்குப் போய் நிற்க வேண்டும்; மற்றவர்கள் அங்கே வருவார்கள். அதன்படி டிராம் தண்டவாளத்தை விடாமல் பார்த்துக்கொண்டே நடந்து, காலையில் சாப்பிட்ட கடைக்குப் போய் உட்கார்ந்தேன். இருட்டிவிட்டது. கடைக்கார அம்மாள் நாற்காலிகளை எல்லாம் உள்ளே அடுக்கினாள், என்னுடையதை மட்டும் விட்டுவைத்தாள், கடைசியில் போலீசைக் கூப்பிட்டாள். கையில் ஒரு காகிதமும் இல்லாத கிழவன். என்னைக் காரில் பின்னால் ஏற்றி, கதவை வெளியிலிருந்து சாத்தினார்கள்.

ஸ்டேஷனுக்கு ஓடி வந்தீர்கள். ‘ஐஸ்கிரீம் கடையில காத்துட்டு இருந்தோம் மாமா’ என்றீர்கள். எந்த ஐஸ்கிரீம் கடை? அந்த ஊரில் நான் ஐஸ்கிரீம் கடையையே பார்க்கவில்லை.

அன்று மதியம் எங்கே போனீர்கள்? எதற்காக அங்கே போய் உட்கார்ந்தீர்கள்? இந்த இரண்டுக்கும் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்


ஜூன் 6

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். இங்கே மூவரும் நலமாக இருக்கிறோம். மழையில் நனைந்ததில் உங்களுக்குச் சளி ஏதும் பிடிக்கவில்லையே என்பதுதான் இவளுடைய கவலை. வாலு தினமும் உங்களைக் கேட்கிறாள்.

நடந்தது முழுக்க என் தப்பு, மாமா. என்னோடு முன்பு வேலை பார்த்த நண்பர் ஒருவர் அந்த ஊரில் இருக்கிறார். அவரைப் பார்க்கப் போனோம். பேச்சில் நேரம் போனது தெரியவில்லை. ஐஸ்கிரீம் கடையில் காத்திருக்கலாம் என்று சொன்னதும் நான்தான். ஊர் புதிது, பதற்றத்தில் புத்தி வேலை செய்யவில்லை. பெரிய மனது பண்ணி மன்னித்துவிடுங்கள்.

அவளுக்கு இப்போது வேலை அதிகம். அடுத்த கடிதத்தில் அவளும் எழுதுவாள்.

பணிவுடன்,
மாப்பிள்ளை


ஜூன் 11

மாப்பிள்ளைக்கு,

கடிதம் வந்தது. சளி இல்லை. நீங்கள் மூவரும் நலம் என்று படித்ததில் சந்தோஷம்.

சமாதானம் மட்டும் ஆகவில்லை. நான் பள்ளிக்கூடம் போய்த் தொழில் படித்தவன் இல்லை. எரிந்த மோட்டாரைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துத்தான் கம்பி சுற்றிக் காயில் கட்டக் கற்றுக்கொண்டேன். எங்கே எரிந்தது என்று கண்டுபிடிக்காமல் புதுக் கம்பியைச் சுற்றிக் கொடுத்தால் அது மறுபடியும் அதே இடத்தில் எரியும். ‘முழுக்க என் தப்பு’ என்று நீங்கள் எழுதியிருப்பது, எரிந்த இடத்தைக் காட்டாமல் மேலே வார்னிஷ் பூசிக் கொடுப்பது போல இருக்கிறது.

அந்த விதி எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. என் மகளுக்கு அப்போது வாலு வயது. பொருட்காட்சியில் கையை விட்டுவிட்டாள். நானும் அவள் அம்மாவும் ஒலிபெருக்கியில் கத்தச் சொல்லி அலைந்தோம். இவளோ நாங்கள் மூவரும் சோடா குடித்த கடை வாசலில், அழாமல், கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். ‘இங்கதானே கடைசியா ஒண்ணா இருந்தோம், எப்படியும் வருவீங்கன்னு தெரியும்’ என்றாள். விதியைப் போட்டவளே அவள்தான். நான் அதை மாற்றாமல் வைத்திருக்கிறேன். அவள் கூட இருக்கும்போது நீங்கள் தப்பான இடத்தைச் சொன்னீர்கள், அவளும் சரி என்று வந்து உட்கார்ந்தாள் என்றால் நான் நம்பவா?

இன்னொன்று. ஸ்டேஷனில் நான் திட்டியது உங்களை. ஆனால் பார்த்தது எல்லோரையும். என் மகள் வேலைக்குப் போகும்போது முடியை இழுத்துக் கட்டுவாளே, அப்படிக் கட்டியிருந்தாள். இஸ்திரி போட்ட சட்டை. நண்பர் வீட்டுக்கு அப்படியா போவார்கள்?

பக்கத்துக் கடை வெல்டர் தினமும் கேட்கிறான்: ‘என்னண்ணே, வெளிநாட்டு ஜெயில்ல சாப்பாடு பரவாயில்லையா?’ அவனுக்கு என்ன பதில் சொல்வது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். என் மகளையும் எழுதச் சொல்லுங்கள். அவள் கைக்கு என்ன வந்தது?

மாமனார்


ஜூன் 30

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் நலம். தான் செய்துகொடுத்த பல் செட் இப்போது உரசாமல் இருக்கிறதா என்று இவள் கேட்கச் சொன்னாள்.

நடந்ததைப் பற்றி நான் புதிதாக எழுத ஒன்றுமில்லை, மாமா. தப்பு என்னுடையது. அதைப் பிடித்துக்கொண்டு நீங்கள் உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வாலு வெல்டர் அண்ணனுடைய போனுக்குக் கூப்பிடுவாள். அவளிடமாவது பேசுங்கள்.

மாப்பிள்ளை


ஜூலை 6

மாப்பிள்ளைக்கு,

நான் நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

வாலுவோடு பேசினேன். போனை எடுத்தது அவளுக்காக மட்டும்தான். ‘தாத்தா, அங்க ஸ்கூல்ல ஊஞ்சல் சிவப்புக் கலர் தாத்தா, இங்க மாதிரி துரு இல்ல’ என்றாள். ‘எங்கடி?’ என்றேன். ‘அதான், நாம ஏரோபிளேன்ல போனோமே, அந்த ஊர்ல. நீங்க ரூம்ல குறட்டை விட்டுட்டு இருந்தீங்க.’ அதற்குள் யாரோ போனைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள்.

வெல்டர் கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்து, அந்தப் பயணத்தை முதலிலிருந்து ஒருமுறை பிரித்துப் பார்த்தேன். ஊர் பார்க்கப் போனவர்கள் பள்ளிக்கூடத்தை எதற்குப் பார்க்க வேண்டும்? முதல் நாளே என் மகள் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் குடித்துப் பார்த்துவிட்டு, உங்களைப் பார்த்துத் தலையாட்டினாள். கோபுரத்தைக் காட்டுகிறேன் என்று கூட்டிப் போய், கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிரே இருந்த குடியிருப்பின் பால்கனிகளை எண்ணினீர்கள். எந்த பஸ் எங்கே போகிறது என்று நிறுத்தத்தில் நின்று படம் பிடித்தீர்கள். நான் மட்டும்தான் சுற்றுலா வந்திருக்கிறேன். நீங்கள் வீடு பார்க்க வந்திருக்கிறீர்கள்.

உங்களுக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறது. என் மகளையும் பேத்தியையும் அங்கே கொண்டுபோகப் போகிறீர்கள். ஆமா, இல்லை என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். ஆமாம் என்றால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: எனக்கு இருப்பது ஒரே மகள். அவள் அம்மா போனபிறகு இந்தப் பட்டறையும் அவளும்தான். என்னிடம் கேட்காமல் அவளைக் கொண்டுபோனால் உங்கள் வாசற்படியை நான் மிதிக்க மாட்டேன், நீங்களும் என் வாசற்படியை மிதிக்க வேண்டாம்.

மாமனார்


ஜூலை 22

மாமாவுக்கு,

நலம். உங்கள் நலத்தைக் கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

ஆமாம், மாமா. அங்கே வேலை கிடைத்திருக்கிறது. அக்டோபரில் சேர வேண்டும். உங்களிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கோபம் என் மேலேயே இருக்கட்டும். அவளிடம் எதையும் கேட்காதீர்கள். தயவுசெய்து.

மாப்பிள்ளை


ஜூலை 26

மகளுக்கு,

நீ நலமா? சாப்பிடுகிறாயா? வாலுவின் இருமல் விட்டதா?

உன் புருஷன் ஒத்துக்கொண்டுவிட்டார். உன்னிடம் எதையும் கேட்கக் கூடாதாம். என் மகளிடம் நான் பேச எனக்கே தடை போடுகிறார். நான் கேட்கவில்லை, சொல்கிறேன். உனக்கு இஷ்டமில்லாத ஊருக்கு நீ போக வேண்டியதில்லை. இங்கே வந்துவிடு. வாலுவை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம். பட்டறைக்கு மேலே இருக்கிற அறையில் நீ பல் செய்கிற மேசையைப் போட்டுக்கொள். இந்த ஊரிலும் பல் போனவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவருக்கு அந்த ஊர்தான் வேண்டும் என்றால் அவர் போய் இருக்கட்டும், காலை ஊன்றட்டும், பிறகு பார்க்கலாம்.

நீ செய்துகொடுத்த பல் செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டேன். கீழே இடது பக்கம் ஈறில் உரசுகிறது. அடுத்த முறை வரும்போது ராவிக் கொடுக்கிறேன் என்றாய். அடுத்த முறை எப்போது என்று தெரியாத நிலையில் எதற்கு அதை மாட்டிக்கொண்டு திரிய வேண்டும்? எல்லாவற்றையும் கரைத்துக் குடிக்கிறேன். வெல்டர் என்னைப் பார்த்து, ‘அண்ணே, வாயை மூடுங்க, பயமா இருக்கு’ என்கிறான்.

வந்துவிடு.

அப்பா


ஆகஸ்ட் 14

அப்பாவுக்கு,

வாலுவுக்கு இருமல் விட்டுவிட்டது. எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் கடிதத்துக்கு நாலு முறை பதில் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதைக் கிழிக்க மாட்டேன்.

வேலை அவருக்கு இல்லை அப்பா. எனக்கு.

அந்த ஊரில் பல் செட் செய்கிற பெரிய கூடம் ஒன்று இருக்கிறது. நான் செய்த செட்டுகளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தேன். நேரில் வரச் சொன்னார்கள். லீவும் அப்போதே வந்தது. ‘மாமாவிடம் சொல்லிடலாம், மறைக்கிறது நல்லா இல்ல’ என்று இவர் ஆரம்பத்திலிருந்து சொன்னார். வேண்டாம் என்றது நான். வேலை கிடைக்காமல் போனால் உங்களுக்குத் தெரியவே வேண்டாம் என்று நினைத்தேன். கிடைத்தால், நீங்கள் ‘போகாதே’ என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் போக மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அந்த வார்த்தையைக் கேட்கக் கூடாது என்றுதான் மறைத்தேன்.

அன்று மதியம் கொஞ்ச நேரம் பேசிவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தோம். அவர்கள் மேசையில் உட்கார வைத்து, மெழுகைக் கொடுத்து, ஒரு கடைவாய்ப் பல்லைச் செதுக்கிக் காட்டச் சொன்னார்கள். நேரம் போய்விட்டது. நீங்கள் காட்சியகத்துக்குள் பத்திரமாக இருக்கிறீர்கள் என்ற தைரியம். வேலை உனக்குத்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். வெளியே வந்தால் பக்கத்தில் ஐஸ்கிரீம் கடை. மூன்று பேரும் சாப்பிட்டோம். நான் அவ்வளவு சந்தோஷமாகச் சாப்பிட்டு எத்தனையோ நாளாகிவிட்டது, அப்பா. இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும்.

காட்சியகத்துக்கு வந்தால் பூட்டு. உங்களைக் காணோம். நான்தான் கத்தினேன், ‘அப்பா கடைசியா சாப்பிட்ட இடத்துக்குத்தான் போவாரு’ என்று. இவர், ‘காலையில சாப்பிட்ட கடையா?’ என்றார். ‘எங்க அப்பாவைப் பத்தி எனக்குத் தெரியாதா, நீங்க சும்மா இருங்க’ என்று அவர் வாயை அடைத்துவிட்டு ஓடினேன். ஐஸ்கிரீம் கடைக்கு. அங்கே உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படியும் வருவீர்கள் என்று. எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை. வெகுநேரம் கழித்து வாலுதான் சொன்னாள்: ‘அம்மா, தாத்தா இங்க சாப்பிடவே இல்லையே.’

எல்லோரும் சேர்ந்து சாப்பிட்ட இடம் என்று நினைத்தபோது என் மனதில் மூன்று பேர்தான் இருந்திருக்கிறோம். நீங்கள் அதில் இல்லை என்பதே எனக்கு உறைக்கவில்லை. வேலையை மறைத்ததைவிட இதை எழுதத்தான் இவ்வளவு நாளானது. ஸ்டேஷனில் உங்கள் முகத்தைப் பார்க்காததும் இதனால்தான். இவரைத் திட்டினீர்கள், இவர் வாங்கிக்கொண்டார். நான் விட்டுவிட்டேன்.

நீங்கள் போகாதே என்றால் போக மாட்டேன். பல் செட்டை மாட்டிக்கொள்ளுங்கள். கழற்றி வைத்தால் ஈறு சுருங்கிவிடும், பிறகு என்ன ராவினாலும் சரியாக உட்காராது.

உங்கள் மகள்


செப்டம்பர் 5

மாமாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? பல் செட்டை மாட்டிக்கொண்டீர்களா?

அவள் எழுதி மூன்று வாரமாகிறது. தினமும் வேலையிலிருந்து வந்ததும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறாள். வெல்டர் அண்ணனுக்கு போன் போட்டேன். ‘இருக்காரு, வேலை பாக்குறாரு, கேட்டா உர்ர்னு பாக்குறாரு’ என்றார்.

வேலை வேண்டாம் என்று அவர்களுக்கு எழுதி, உறையில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறாள். பதினைந்தாம் தேதிக்குள் தபாலில் சேர்த்துவிடுவாளாம். அவர்கள் கொடுத்திருக்கும் கெடு அது. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

மாமா, நான் பொய் எழுதினேன். அதற்கு நீங்கள் என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. ஆனால் அவள் அந்த மெழுகுப் பல்லைச் செதுக்கியதை ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். வாலு தட்டிக் கூப்பிட்டும் அவள் நிமிரவில்லை. போ என்றோ, போகாதே என்றோ, உங்கள் கையால் ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் எழுதாமல் இருப்பதையே அவள் பதிலாக எடுத்துக்கொண்டுவிடுவாள்.

மாப்பிள்ளை


செப்டம்பர் 8

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும்,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன், தபாலை நம்பவில்லை. வாலு உட்பட எல்லோரும் நலமாக இருங்கள். நான் பட்டறைக்குப் போகிறேன், வருகிறேன், தூங்குகிறேன். தூக்கம் மட்டும் கொஞ்சம் குறைவு.

எரிந்த இடம் தெரிந்துவிட்டது. நான் தேடிய பக்கத்தில் அது இல்லை. மூன்று வாரம் பதில் எழுதாததற்குக் காரணம் கேட்காதீர்கள். மன்னித்துவிட்டேன் என்று நான் எழுதப் போவதில்லை, அதையும் எதிர்பார்க்க வேண்டாம். நான் வெளியே மழையில் நின்றபோது நீங்கள் மூவரும் உள்ளே சந்தோஷமாகச் சாப்பிட்டீர்கள். அது நடந்தது நடந்ததுதான். அதைக் கையால் எழுதி ஒத்துக்கொண்டாயே, அதுவும் நடந்ததுதான். இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறேன்.

இனி நடக்க வேண்டியதை எழுதுகிறேன். யார் எதைச் செய்ய வேண்டும் என்பதில் குழப்பம் வேண்டாம்.

உறையில் போட்டு ஒட்டி வைத்திருக்கிற அந்தக் கடிதத்தைக் கிழிக்க வேண்டும். மகள் கிழிக்க வேண்டும். மாப்பிள்ளை கிழித்தால் செல்லாது.

அக்டோபரில் மகள் வேலையில் சேர வேண்டும். அங்கே போய் என்னை நினைத்துக்கொண்டு மெழுகைப் பாழாக்கக் கூடாது.

மாப்பிள்ளை, தான் செய்யாத தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்வதை நிறுத்த வேண்டும். உங்களுக்குப் பொய் எழுத வரவில்லை. இரண்டாவது கடிதத்திலேயே சரக்கு தீர்ந்துவிட்டது. காலையில் சாப்பிட்ட கடை என்று சரியாகச் சொன்னவர் நீங்கள். அதை வெல்டரிடம் நானே சொல்லிவிட்டேன். வாசற்படி பற்றி எழுதியதை அடித்துவிடுங்கள்.

என் பாஸ்போர்ட் இன்னும் உங்கள் பையில் இருக்கிறது. அதைக் கொண்டுவந்து என் கையில் கொடுக்க வேண்டும். இனி அது என் சட்டைப் பையில்தான் இருக்கும், எந்த ஊரானாலும்.

நான் அங்கே குடிவர மாட்டேன். யாரும் கேட்கக் கூடாது.

விதியை வாலுவுக்கு அவள் அம்மா மறுபடி சொல்லிக் கொடுக்க வேண்டும். எல்லோரும் என்றால் யார் யார் என்று பேர் சொல்லிச் சொல்ல வேண்டும்.

கிளம்புவதற்கு முதல் நாள் மூவரும் பெட்டிகளோடு இங்கே வர வேண்டும். மகள் ராவுகிற சாமான்களையும் எடுத்து வர வேண்டும். கீழ் செட் இடது பக்கம். அது சரியான பிறகு சாப்பாடு. சமையல் நான். தட்டு நாலு. யாரும் நின்றுகொண்டோ போன் பார்த்துக்கொண்டோ சாப்பிடக் கூடாது. அந்தச் சாப்பாடு முடிந்ததும் கடைசியாய்ச் சேர்ந்து சாப்பிட்ட இடம் இந்த வீடு என்று ஆகிவிடும். அதன் பிறகு யார் எங்கே தொலைந்தாலும் எங்கே வந்து நிற்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். கதவைத் திறந்து வைத்திருப்பது என் பொறுப்பு.

வழியனுப்ப விமான நிலையத்துக்கு நான் வர மாட்டேன். அழுது கூப்பிட்டாலும் வர மாட்டேன். அங்கே எல்லோருமாக ஒரு காபி குடித்துவிட்டால் இடம் மாறிவிடும்.

அப்பா